டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் நிரல்களுக்குத் திரைகள் அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பு): டயலாக் மெயின் விண்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது

டயலாக்கைத் திறக்க ஷோடயலாக்தான் (மூடும்வரை மற்ற விண்டோக்களைத் தொடவிடாத அழைப்பு) போடுகிறேன். ஆல்ட்-டேப் அடித்துவிட்டுத் திரும்பினால் மெயின் விண்டோ மட்டும் முன்னால் நிற்கிறது. எதைக் கிளிக் செய்தாலும் ‘டிங்’ சத்தம்தான். என்ன விடுபட்டிருக்கிறது?

பதில் 1:
ஓனர், அதாவது டயலாக் எந்த விண்டோவுக்கு உரியது என்பதை, வைக்கவில்லை. ஷோடயலாக்குக்கு முந்தைய வரியில் ‘டயலாக்.ஓனர் = திஸ்’ கொடுங்கள். டயலாக்கை ஓனரின் நடுவில் காட்டும் சென்டர்ஓனரும் அதன் பிறகுதான் வேலை செய்யும். டாஸ்க்பாரில் தனியாகத் தெரியாதிருக்க ஷோஇன்டாஸ்க்பாரை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

பதில் 2:
கூடவே ஒன்று: இந்த ஓனர் வரியை மெயின் விண்டோவின் கன்ஸ்ட்ரக்டரில் (விண்டோ உருவாகும்போதே ஓடும் பகுதி) எழுதினால் இன்வேலிட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும், இன்னும் திரைக்கே வராத விண்டோ ஓனராக முடியாது. விண்டோ திரைக்கு வந்த பிறகு எழும் கன்டென்ட்ரெண்டர்ட் நிகழ்வுக்கு மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. எஸ்கேப் அடித்தால் மூடுகிறது, என்டர் அடித்தால் அப்படியே நிற்கிறதே?

பதில் 2:
எஸ்கேப்புக்கான இஸ்கேன்சல் பட்டன் தானே மூடும். என்டருக்கான இஸ்டிஃபால்ட் பட்டன் மூடாது, கிளிக் நிகழ்வை மட்டும் எழுப்பும். அதற்குள் ‘டயலாக்ரிசல்ட் = ட்ரூ’ எழுதுங்கள், அதுவே டயலாக்கை மூடிவிடும், குளோஸ் தேவையில்லை. ஆனால் என்டர் ஃபோகஸை நகர்த்தாது. டெக்ஸ்ட்பாக்ஸ் பைண்டிங் (பெட்டியில் தட்டியதைத் தரவோடு இணைப்பது) இயல்பாக ஃபோகஸ் போகும்போதுதான் மதிப்பை எழுதும். அதனால் கடைசியாகத் தட்டியது சேமிக்கப்படாது. மவுஸால் பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும், அதனால் சோதனையில் அப்படி அழுத்துபவர்கள் கண்ணில் இது படவே படாது. ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பு எழுதப்பட, பைண்டிங்கின் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கரை ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு ஆக்குங்கள்.