இரண்டு கொம்புக் கருப்பை: பினாங்கில் யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம் அக்கா, தங்கச்சிமார்களே. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். முதல் பிள்ளை, இப்போது 22 வாரம். என் கருப்பை மேல்பக்கம் இரண்டு கொம்பாகப் பிரிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிறவியிலேயே அப்படியாம். (மாமியார் பப்பாளியைக் குறை சொல்கிறார், அதை விடுங்கள்.)

குழந்தை வலது கொம்பில் ஒடுங்கி, தலை மேலே வைத்து உட்கார்ந்திருக்கிறது. இடம் குறைவு என்பதால் குறைமாதப் பிரசவம் ஆகலாம், தலை திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர். கருப்பை வாயின் நீளத்தை அடிக்கடி அளக்கிறார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், கருப்பை வாய் முன்கூட்டியே திறக்காமல் இருக்க அதில் தையல் போடுவதைப் பற்றிப் பேசலாம் என்கிறார். சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். இந்த மாதிரிக் கருப்பை உள்ள சிலருக்கு ஒன்றுதான் இருக்குமாம். எனக்கு இரண்டும் இருக்கிறது, அந்த மட்டில் நிம்மதி.

கருப்பைக்குள் நடுவில் சுவர் உள்ள வகை வேறு, அதற்கு ஆபரேஷன் உண்டு. எனக்குத் தேவை இரண்டு கொம்புக்காரர்களின் அனுபவம்தான். எத்தனை வாரம் வரை தாங்கியது? தையல் போட்டபின் வேலைக்குப் போனீர்களா? எனக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நின்றபடி வேலை, பாலம் தாண்டிப் போகவேண்டும். அப்புறம், குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதியுள்ள மருத்துவமனை எது என்றும் சொல்லுங்கள். இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.