டார்ட்: எறியம்பா, எறிவேலா?

நண்பர்களே, டார்ட்ஸ் (கூர்முனைச் சிறு அம்புகளைக் கையால் வட்டப்பலகையில் எறியும் ஆட்டம்) விளையாடப் புதிதாக வருபவர்களுக்கான பழைய ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அம்பு’ என்று போட்டு 3 அதிகாரம் முடித்துவிட்டேன், இப்போது உறுத்துகிறது. அம்பு என்றால் வில் எங்கே என்று கேட்பார்களே?
(தக்கலை)

ஐயா, உறுத்தியது நல்லதாயிற்று. வில்லிலிருந்து போவது எய்தல், கையிலிருந்து போவது எறிதல். ‘கான முயலெய்த அம்பினில்’ என்ற வள்ளுவர், கையால் விட்டதைக் ‘கைவேல் களிற்றொடு போக்கி’ என்கிறார். ஆகவே ‘எறிவேல்’. ‘டார்ட்’ என்றே எழுதலாம் என்று யாரும் வரவேண்டாம். டகரம் மொழிக்கு முதலாகாது. தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசான் ஊரிலிருந்துகொண்டு நானே அதை விட்டுக்கொடுக்க முடியாது.
(அதங்கோடு)

சார், வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்க வழி வைத்ததும் அதே தொல்காப்பியம்தான். அது கிடக்கட்டும். வேல் என்றதும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேளிமலை குமாரகோவில்தான் நினைவுக்கு வரும், விளையாட்டு வராது. சிறுவயதில் நாங்கள் ஈர்க்கிலைச் சீவி வாழைத்தடையில் எறிவோம். வில் கிடையாது, ஆனாலும் அம்பு என்றுதான் சொன்னோம். ‘எறியம்பு’ போதும். வினைத்தொகை, யகர உடம்படுமெய், இலக்கணத்துக்கும் குறைவில்லை.
(மார்த்தாண்டம்)

டீச்சர் சொல்வது எனக்கும் பிடிக்கிறது. வால்பகுதிக்கு ‘இறகு’ என்று வைத்திருக்கிறேன். அக்காலத்தில் வான்கோழி இறகையே செருகினார்கள், அதனால் அதில் சிக்கல் இல்லை. பலகையின் நடுப்புள்ளிதான் அடுத்த தொல்லை. ஆங்கிலத்தில் ‘புல்ஸ் ஐ’ என்பதை அப்படியே ‘காளைக்கண்’ என்று எழுதக் கை வரவில்லை.
(தக்கலை)

அண்ணே, காளையை விடுங்கள், ‘கண்’ மட்டும் போதும். எங்கள் கடற்கரையில் வலைக்குக் கண் உண்டு. தேங்காய்க்கு உண்டு. சங்கப் பாட்டில் முழவுக்குக் கண் உண்டு, அடி விழும் இடம் அது. இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமைக்கும் கண்ணே உருபு. குறி போய்ச் சேரும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எங்கே கிடைக்கும்? 50 தருவது உட்கண், சுற்றியுள்ள 25 வெளிக்கண்.
(குளச்சல்)

கண்ணுக்கு என் முழு ஒப்புதல். ஆனால் அம்பை ஒப்பமாட்டேன்.
(அதங்கோடு)

இன்னொன்றையும் பாருங்கள். பலகையில் 20க்கு இருபுறமும் 5, 1 என்று சிறிய எண்களை வைத்திருப்பது குறி தவறியவரைத் தண்டிக்கத்தான். இதை விளக்கும் பாடத்தில் ‘எறி’ என்ற வினை பத்து இடத்திலாவது வரும். பெயரிலும் அதே எறி இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். நிற்கும் கோட்டுக்கும் ‘எறிகோடு’ என்றே வையுங்கள். கண்ணின் உயரம் 5 அடி 8 அங்குலம் என்பதை மீட்டரிலும் தாருங்கள். இன்றைய வகுப்புக்கு அடிக்கணக்கு பழக்கமில்லை.
(மார்த்தாண்டம்)

1.73 மீட்டர், சேர்த்துவிட்டேன். 501 புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே வரும் ஆட்டத்தை, புள்ளி இரட்டிக்கும் வளையத்தில் எறிந்து முடிப்பதற்கு ‘இரட்டையில் முடித்தல்’ என்று வைத்ததை யாரும் மறுக்கவில்லை, அப்படியே போகிறது. எறியம்பு என்றே பலரும் எழுதியிருக்கிறீர்கள். இனி மாற்ற நேரமில்லை, அதுவே நிற்கட்டும்.
(தக்கலை)

எறி நின்றது, மகிழ்ச்சி. அடிக்குறிப்பில் ‘எறிவேல் என்பாரும் உளர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.
(அதங்கோடு)