செங்காந்தள் கிழங்கை வீட்டு மருந்தாகப் பயன்படுத்தலாமா?

கேள்வி:
எங்கள் வேலியோரம் தானாக முளைத்த செங்காந்தள் கொடி, மழைக்குப் பிறகு செழித்துப் பூத்திருக்கிறது. இதன் கிழங்கை அரைத்து மூட்டுவலிக்குப் பற்றுப் போடலாம், விஷக்கடிக்கு உள்ளுக்கும் கொடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மற்றொருவரோ கொடியையே பிடுங்கி எறியச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில் 1:
உள்ளுக்குக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றெல்லாம் அழைக்கப்படும் இதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் கடும் நச்சுப்பொருள் இருக்கிறது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போய்விடாது. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி இதைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை சற்றே தணிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது, ஏனெனில் அடுத்த சில நாள்களில் எலும்பு மச்சையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஒருவேளை யாரேனும் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் மரபும் இதை எளிய மருந்தாகக் கருதவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் இதை நஞ்சு வகையில் வைத்து, உரிய முறையில் சுத்தி செய்த பிறகே அளவறிந்து கையாண்டார்கள். பிரசவம் எளிதாவதற்காக இக்கிழங்கை அரைத்து உள்ளங்கை, உள்ளங்கால்களில் பூசும் வழக்கமும் இருந்தது. கருவைக் கலைக்கும் தன்மை உள்ளதால், கருவுற்ற பெண்கள் இதை அணுகவே கூடாது. பச்சைக் கிழங்கை அரைத்துத் தோலில் பூசினால் எரிச்சலும் புண்ணும் உண்டாகலாம் என்பதால் பற்றுப் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 2:
மேலே கூறியது முற்றிலும் சரி. ஆயினும் கொடியைப் பிடுங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மாநில மலரான இது, சங்கப் பாடல்களில் முருகன் சூடும் கண்ணியாகவும் வருகிறது. ஒரு பூவை நாள்தோறும் கவனித்துப் பாருங்கள்: பச்சையாக விரியும் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, மஞ்சளாகிப் பின்னர் செக்கச்சிவந்துவிடும். இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்கிறது.

விதைக்காக இதைப் பயிரிடும் உழவர்கள் திண்டுக்கல், திருப்பூர், கரூர் பகுதிகளில் இருக்கிறார்கள். அந்த விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்ச்சிசின்தான், யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டுவலிக்கு மாத்திரையாகிறது. உங்கள் உறவினர் சொல்லும் மூட்டுவலி மருத்துவத்திற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் மாத்திரையில் அளவு திட்டமானது, கிழங்கிலோ எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

பதில் 3:
சிறு குழந்தைகளோ ஆடு மாடுகளோ நடமாடும் இடம் என்றால், வேறிடத்திற்கு மாற்றி நடுவதே நல்லது. பூத்து முடிந்து கொடி காய்ந்த பின்னர், கையுறை அணிந்து கிழங்கைத் தோண்டுங்கள். அதன் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்துவிட்டால் கிழங்கு மீண்டும் தழைக்காது. முற்றி வெடிக்கும் காய்களில் சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும் என்பதால், வெடிப்பதற்கு முன்பே அவற்றைப் பறித்துவிடுங்கள்.