புதுப்பிப்பு: மண்டபம் மீன் கிடங்கில் கையடக்கக் கணினியா, குரல்வழிக் கருவியா?

மண்டபத்தில் உள்ள எங்கள் மீன் குளிர்பதனக் கிடங்கில் எடுக்க வேண்டிய பெட்டிகளைக் குறித்துத் தரும் தாள் பட்டியலைக் கைவிட்டு, பார்கோடு வருடி (ஸ்கேனர்) உள்ள கையடக்கக் கணினி வாங்குவதா, வேலையைக் குரலில் சொல்லிக் குரலிலேயே பதில் கேட்கும் குரல்வழி ஹெட்செட் வாங்குவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டையும் வாங்கி, இடம் பிரித்துப் பயன்படுத்துகிறோம்.

மைனஸ் 18 டிகிரி அறையில் தடித்த கையுறையுடன் தொடுதிரையை இயக்குவது பெரும்பாடு என்பதால் அங்கே ஹெட்செட்தான். அது அடுக்கின் எண்ணைச் சொல்லும். தொழிலாளி அந்த அடுக்கில் ஒட்டியுள்ள சரிபார்ப்பு இலக்கங்களைப் படித்துச் சொன்ன பிறகே எத்தனை பெட்டிகள் எடுக்க வேண்டும் என்று அறிவிக்கும். ஒவ்வொருவரும் தம் குரலை முதலில் பதிவு செய்து கருவியைப் பழக்க வேண்டும். அதை அமைதியான அலுவலகத்தில் செய்யாமல், குளிரூட்டி விசிறிகள் இரையும் அறையிலேயே செய்யுமாறு இங்கே ஒருவர் கூறிய யோசனை நன்றாகப் பலித்தது.

சரக்கு வந்து இறங்கும் பகுதியிலும் லாரி ஏற்றுமிடத்திலும் கையடக்கக் கணினி. ஏற்றுமதிச் சரக்கின் நீண்ட தொகுதி எண்ணை வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் பார்கோடை வருடுவதே விரைவு. ஆனால் அதைக் குளிரறைக்குள் கொண்டு சென்று வெளியே எடுத்தால், நம் கடற்கரையின் ஈரக்காற்று பட்டவுடன் வருடியின் கண்ணாடியில் நீர் பூத்துவிடுகிறது. குளிரில் லித்தியம் மின்கலமும் சீக்கிரம் இறங்குகிறது. கண்ணாடியைச் சூடாக்கும் வசதியுள்ள கருவிகள் உண்டு என்றாலும், விலையைக் கேட்ட முதலாளி பேச்சை மாற்றிவிட்டார். எனவே உள்ளே கொண்டு செல்லத் தடை விதித்துள்ளோம்.