300 எம்பிபிஎஸ் இணைப்பு, ரவுட்டர் வழியாக வந்தால் 94ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

மாடிப்படி:

வணக்கம். ஃபைபர் இணைப்பு, 300 எம்பிபிஎஸ் திட்டம். சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டியில் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) மடிக்கணினியை நேரடியாகச் செருகினால் ஸ்பீட் டெஸ்டில் 290 வருகிறது. அதே மடிக்கணினியை ரவுட்டரில் செருகினால் 94. வைஃபையிலும் அப்படித்தான்: 5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே போனை வைத்துப் பார்த்தாலும் 93, 94. விடியற்காலையிலும் அதே எண், இரவு நெரிசல் நேரத்திலும் அதே எண்.

ரவுட்டர் பழசுதான், ஆனால் எல்லா போர்ட்டும் கிகாபிட். ரீசெட், ஃபர்ம்வேர் அப்டேட், டிஎன்எஸ் மாற்றம் எல்லாம் ஆயிற்று. ஓஎன்டி வாசல் பக்கம், ரவுட்டர் நடு அறையில். இரண்டுக்கும் நடுவில் கதவு நிலையை ஒட்டி ஒரு நீளமான லேன் கேபிள் போகிறது.

இன்னொன்று: படுக்கையறையில் இருக்கும் பழைய மடிக்கணினி இதைவிட மோசம், 20ஐச் சுற்றியே நிற்கிறது. இதே கோளாறா, தனிக் கோளாறா தெரியவில்லை. புது ரவுட்டர் வாங்கிவிடட்டுமா?

அலைவரிசை:

உங்கள் ஓஎன்டியும் ஒரு ரவுட்டர்தான், அதற்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர். டபுள் நாட் ஆகிவிடும், அதாவது முகவரி மாற்றும் வேலையை இரண்டு பெட்டியும் செய்யும். ஓஎன்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டரில் க்யூஓஎஸ் ஆன் செய்து மடிக்கணினிக்கு முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வைஃபை 6 ரவுட்டருக்கு மாறிவிடுங்கள்.

கம்பிக்காரன்:

வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

கேபிள் இழுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் கேபிளாகத்தான் தெரியும். ஆனாலும் 94 என்பது சாதாரண எண் இல்லை. ஈத்தர்நெட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று, முன்னும் பின்னும் ஒட்டும் தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து கம்பியில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கும். அதில் நிஜமான தரவு 1448 பைட். வகுத்துப் பாருங்கள், 94 சதவீதம் வரும். அதாவது உங்கள் வீட்டில் எங்கேயோ ஓர் இணைப்பு 1000க்குப் பதிலாக 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது, அதில் வரவேண்டியது முழுசாக வருகிறது. நெரிசலோ வைஃபை தடங்கலோ காரணமாக இருந்தால் எண் 60, 130, 85 என்று ஆடும். இப்படி ஆணி அடித்த மாதிரி நிற்காது.

எந்த இணைப்பு? கம்பியிலும் 94, வைஃபையிலும் 94. இரண்டுக்கும் பொதுவான வழி ஓஎன்டியிலிருந்து ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு (இணையம் உள்ளே வரும் துளை) வரும் அந்த நீளக் கேபிள்தான். மடிக்கணினியை ஓஎன்டியில் செருகியபோது வேறு கேபிள் போட்டிருப்பீர்கள், அதனால்தான் 290.

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் இதில் இருக்கிற தொல்லை.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் போர்ட்டின் லிங்க் ஸ்பீட் 100 என்றிருக்கிறதா 1000 என்றிருக்கிறதா பாருங்கள். அப்புறம் கேபிளின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளக் கண்ணாடி மாதிரி இருக்குமே, எட்டு கம்பியும் நுனிச் சுவரைத் தொடுகிறதா என்று உள்ளே தெரியும்.

அலைவரிசை, டபுள் நாட் இருந்தால் கேமிலும் போர்ட் ஃபார்வர்டிலும் தொந்தரவு வரும், சரி. ஆனால் அதனால் வேகம் 94இல் முட்டி நிற்காது. க்யூஓஎஸ் இப்போது வேண்டவே வேண்டாம். பல ரவுட்டர்களில் அதை ஆன் செய்தால் வன்பொருள் முடுக்கம் (பாக்கெட்டுகளைத் தனிச் சிப்பே கடத்தும் வசதி) அணைந்து, எல்லா பாக்கெட்டையும் சிபியூவே சுமக்க ஆரம்பிக்கும். பழைய ரவுட்டரின் சிபியூ 300ஐத் தாங்குவது சந்தேகம். டிராஃபிக் மானிட்டர், பேரன்டல் கன்ட்ரோல் ஆனில் இருந்தால் அவற்றையும் அணைத்துவிட்டு டெஸ்ட் செய்யுங்கள்.

மாடிப்படி:

வான் போர்ட்: 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ். அப்படியே போட்டிருக்கிறது.

ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், ஓஎன்டியோடு வந்த குட்டிக் கேபிளைப் போட்டேன். லிங்க் 1000 ஆகிவிட்டது. கம்பியில் 288, போனில் 5 கிகாஹெர்ட்ஸில் 260க்கு மேல்.

நீளக் கேபிளின் ரவுட்டர் பக்க முனையில் ஏழு கம்பி நுனி வரை போயிருக்கிறது. பழுப்பு மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது, பிளக்கின் பித்தளைப் பல் காற்றைக் கடித்துக்கொண்டிருக்கிறது! கேபிளும் கதவு நிலையருகே ஓர் இடத்தில் தட்டையாக நசுங்கியிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

கம்பிக்காரன்:

முதலில் பிளக்கை மாற்றுங்கள், அது சில நிமிட வேலை. பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, மறுமுனையில் என்ன வண்ண வரிசை இருக்கிறதோ அதையே இங்கேயும் வையுங்கள். வழக்கமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று இருக்கும். எட்டையும் ஒரே மட்டத்தில் நறுக்கிவிட்டு உள்ளே தள்ளுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். மேலுறையும் பிளக்குக்குள் போய் அதன் பிடியில் சிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு இழுப்பில் கழன்றுவிடும்.

அதன் பிறகும் 100தான் என்றால் நசுங்கிய இடத்திலும் ஒரு கம்பி போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கேபிளையே மாற்ற வேண்டியதுதான். கேட் 5இ போதும், 300க்கு கேட் 8 எல்லாம் வீண் செலவு. முழுச் செம்பா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள், இரண்டு முறை மடித்தால் முறிந்துவிடும்.

பின்னிரவு:

அந்தப் படுக்கையறை மடிக்கணினி தனிக் கேஸ் என்று நினைக்கிறேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் மாடலா? வைஃபை இணைப்பு விவரத்தில் லிங்க் ஸ்பீட் எவ்வளவு காட்டுகிறது? 54 என்றால் 2.4இன் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை இருக்கிறதா பாருங்கள். 2009இல் வந்த 802.11என் தரம் அதன் புதிய வேகங்களை டிகேஐபியோடு பயன்படுத்த அனுமதிப்பதில்லை. டிகேஐபியில் இணைந்தால் பழைய 54க்கே போய்விடும், அதில் நிஜமாகக் கையில் வருவது 20 சொச்சம்தான். டபிள்யூஎம்எம் (வைஃபையில் எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று பிரிக்கும் அமைப்பு) அணைந்திருந்தாலும் இதே கதை.

மாடிப்படி:

புதுப் பிளக்கைக் கிரிம்ப் செய்து பார்த்தேன், 100தான் வந்தது. புதுக் கேபிள் இழுத்து, இம்முறை கதவுக்கு எட்டாமல் நிலைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். நடு அறையிலேயே 1000 லிங்க், டெஸ்டில் 289.

பின்னிரவு சொன்னபடியே படுக்கையறை மடிக்கணினியில் லிங்க் 54. 2.4இல் டபிள்யூபிஏ, டிகேஐபி என்று இருந்தது. பழைய பிரின்டர் ஒன்றுக்காக எப்போதோ வைத்தது. அதைவிடப் புதிய முறையான டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் ஆக்கியதும் லிங்க் 144க்குத் தாவியது, டெஸ்டில் 75, 80 வருகிறது. இதற்கு மேல் ஏற்ற சேனல் அகலத்தை 20க்குப் பதில் 40 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாமா? அப்புறம், எதிர்பார்த்தபடியே பிரின்டர் வைஃபையில் சேர மறுக்கிறது.

பின்னிரவு:

சுற்றிலும் வேறு வைஃபை எதுவும் தெரியாத இடமென்றால் 40 வையுங்கள். நாலைந்து பெயர் தெரிந்தால் 20லேயே விடுங்கள், சேனல் 1, 6, 11இல் எது காலியோ அதில் நிறுத்துங்கள். 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை அந்த மூன்றுதான். பழைய மடிக்கணினிக்கு 80 தாராளம். இன்னும் வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று செருகுங்கள்.

கம்பிக்காரன்:

பிரின்டருக்காக மறுபடி டிகேஐபிக்குப் போய்விடாதீர்கள், அது பாதுகாப்பும் இல்லை. பின்பக்கம் லேன் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கழற்றிய அந்த நசுங்கிய கேபிளையே வெட்டிப் போடுங்கள். அச்சடிக்க 100 மெகாபிட் தாராளம்.