ஜூலை 31க்கு முன்பா, ஆடி கழிந்தா? எங்கள் வீட்டுப் பிரசவத் தேதியும் பெயர்ப் பஞ்சாயத்தும்

அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். இரண்டாவது பிரசவத்திற்காகக் காத்திருக்கிறேன். எட்டாவது மாதம் நடக்கிறது. ஸ்கேன் கணக்குப்படி பிரசவத் தேதி ஆகஸ்ட் 14. மூத்தவள் சிசேரியனில் பிறந்தவள் என்பதால் இதுவும் அறுவை சிகிச்சையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் நம் கையில் இருக்கிறது என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன.

முதல் கட்சி என் கணவர். தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31ஆம் தேதியன்று குழந்தைக்கு 3 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பு என்றால் 5 வயது. ஆகஸ்டில் பிறக்கும் குழந்தை அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பதால், "பதினைந்து நாளுக்காக ஒரு வருடம் போகிறதே" என்று அவர் இரவில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது கட்சி என் மாமியார். ஆடி மாதத்தில் கத்தி வைப்பானேன், ஆவணி பிறக்கட்டும் என்பது அவருடைய வாதம். ஒருவர் குழந்தையை முன்னால் இழுக்கிறார், மற்றவர் பின்னால் தள்ளுகிறார். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். பிள்ளை பெறப்போகிறவளுக்கு ஒரு கருத்து இருக்கக்கூடும் என்பது இரு கட்சிக்கும் தோன்றவில்லை.

சென்ற செக்கப்பில் என் கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைக் கேட்டே விட்டார். டாக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேசை மேல் கிடந்த வட்ட அட்டையைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். ஜூலை 31 என்றால் சரியாக 38 வாரம், ஆகஸ்ட் 7 என்றால் 39 வாரம். வேறு காரணம் ஏதும் இல்லாதபோது 39 வாரம் நிறையும் முன் சிசேரியன் செய்வதில்லை என்றும், முன்கூட்டியே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், அப்படி வந்தால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டியிருக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். பிறகு, "உங்களுக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் 34 வாரத்திலும் எடுப்பேன். எல்.கே.ஜி. அவசரம் என் கணக்கில் வராது" என்றார். ஆவணி வரை தள்ளவும் அவர் ஒப்பவில்லை. பழைய தையல் இருக்கும்போது வலி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்றார். ஆக, இரண்டு கட்சியும் தோற்றன. வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது, தன் வீட்டிலும் இதே பேச்சுதான் என்று அவர் சிரித்ததில்தான் எனக்கு நிம்மதி வந்தது.

அடுத்த கவலை பெயர். இதில் நான் ஏற்கெனவே சூடு கண்டவள். மூத்தவள் திருவாதிரை மூன்றாம் பாதத்தில் பிறந்தாள். பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்குக் கு, க, ங, ச என்று நான்கு எழுத்துகள். மூன்றாம் பாதத்திற்கு வாய்த்தது ங. தமிழில் 'ங'வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? மாமியார் ஜோதிடரிடம் ஓட, அவர் 'க'வில் வைத்துக்கொள்ளலாம் என்று இளக, அதற்குள் பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில் இரண்டாம் நாளே படிவத்தை நீட்டி, இன்று மாலைக்குள் பெயர் சொல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும் என்று பயமுறுத்திவிட்டார்கள். மயக்க மருந்தின் கிறக்கத்தில் நான் 'யாழினி' என்றேன். என் கணவர் அதையே போய்ச் சொன்னார். ஆங்கிலத்தில் இசட், எச் வர வேண்டிய இடத்தில் எழுத்தர் 'எல்' என்ற எழுத்தைப் போட்டுவிட்டார். சான்றிதழில் வந்தது, அதைப் பார்த்து எடுத்த ஆதாரிலும் வந்தது, பள்ளி வருகைப் பதிவேட்டிலும் ஏறியது. இன்று என் மகள் வீட்டில் யாழினி, யு.கே.ஜி. வகுப்பில் யாலினி. இரண்டுக்கும் 'உள்ளேன்' என்கிறாள்.

அந்த எழுத்தர் சொன்னது தவறு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேலும், 15 ஆண்டுகள் வரை, தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தவும் முடியும், ஆனால் ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனியே திருத்தி முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்துவிடும் போலிருக்கிறது. இந்த முறை என்ன செய்வது? ஸ்கேன் உறையின் பின்புறம் மூன்று பேர் கையெழுத்தில் பதினேழு பெயர்கள் சேர்ந்துவிட்டன. உங்கள் வீடுகளில் நடந்ததைச் சொல்லுங்கள்.

*

சகோதரிக்கு வணக்கம். நான் ராயபுரம். என் மகன் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தான், என் அம்மா என்னைப் பெற்றதும் அங்கேதான். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் கைவசம் இருந்ததால் பதிவில் எந்தச் சிக்கலும் வரவில்லை. பெயர்க் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டோம். சான்றிதழில் தேதியும், ஆண் என்பதும், எங்கள் இருவர் பெயரும் இருந்தன. அப்படிப்பட்ட காகிதத்தைப் பார்த்த என் நாத்தனார், 'இது யாருடைய பிள்ளைக்கு' என்று கேட்டது தனிக்கதை.

எங்கள் சிக்கல் நட்சத்திரம் அல்ல, ஞானஸ்நானம். கோயிலில் வைக்கும் பெயர் ஒரு புனிதருடையதாக இருக்க வேண்டும் என்பது என் மாமனாரின் ஆசை. எங்கள் பகுதிக்கே புனித இராயப்பர் பெயரால்தான் ராயபுரம் என்று வந்தது என்பார் அவர்; ஆகவே பேரனுக்கும் ராயப்பன் என்றே வைக்க வேண்டும் என்று நின்றார். தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்', அதுவே பேரன் ஆயிற்று என்று இலக்கணமும் பேசினார்; அவர் பெயரும் ராயப்பன்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எனக்கோ தூய தமிழ்ப் பெயர் வேண்டும். ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதமும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தோம் என்பதுதான் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம். காகிதத்தில் அழகாக இருந்த ஒரு பெயர், மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டால் பாதியில் உடைந்தது. இன்னொன்றை மீன் விற்கும் அக்கா மூன்று விதமாகச் சொன்னார். கடைசியில் அன்பரசன் என்பதைச் சான்றிதழில் ஏற்றினோம். ஞானஸ்நானப் பெயர் ராயப்பன். தாத்தா மட்டும் இன்றுவரை இரண்டாவதையே கூப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெயரைச் சேர்க்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள்.

*

நான் வியாசர்பாடிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பெயரைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை; 'ழ'வை ஒழுங்காகச் சொல்லாத ஆசிரியர்கள் சார்பில் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வயதைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தொட்டுவிட்டால், பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு நாளாக எழுதிக்கொள்வார். என் சான்றிதழ் பிறந்தநாளும் அப்படி வந்ததுதான். என் அம்மா சொல்வது மார்கழி. இன்று அந்தச் சலுகை கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே தேதிக்கான சான்று. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களும் இதைத்தான் காட்ட வேண்டும்.

சகோதரியின் கணவர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். ஜூலை 30இல் பிறக்கும் குழந்தை எல்.கே.ஜி.க்குள் நுழையும் ஜூனில் அதற்கு 2 வயது 10 மாதம். ஆகஸ்ட் 7இல் பிறந்தது 3 வயது 10 மாதத்தில் நுழையும். அந்த ஓராண்டில் என்ன இருக்கிறது என்று எங்களைக் கேளுங்கள். பதினொரு மணிக்குப் பெஞ்சில் சாய்ந்து தூங்கும் பிள்ளை, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாமல் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் பிள்ளை, பென்சிலை முழு விரல்களாலும் உலக்கைபோல் பிடிக்கும் பிள்ளை, எல்லாம் பெரும்பாலும் வகுப்பின் இளையவை. மந்தம் என்று அவற்றின் பெற்றோர் வருந்துகிறார்கள். மந்தமெல்லாம் இல்லை, மாதம் போதவில்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. அங்கே 2022-23 கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது நிறைய வேண்டும். ஜூலை 30இல் பிறந்தாலும் ஆகஸ்ட் 7இல் பிறந்தாலும் இரண்டும் ஒரே வகுப்பில்தான் உட்காரும். இன்னொரு முனையில், நீட் எழுதுகிறவர்களுக்குச் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வருடத்தை எப்படியோ மிச்சம் பிடித்து உள்ளே தள்ளிய பிள்ளைகளில் சிலர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அந்த வருடத்தை அங்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

*

முதலில் எழுதியவள் மீண்டும் வந்திருக்கிறேன். எழுத நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 7ஆம் தேதி காலை ஆண் குழந்தை பிறந்தான். எடை 3 கிலோ 100 கிராம். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. கேந்திரிய வித்யாலயா கணக்கை ஆசிரியை எழுதியதிலிருந்து அவர் ஜூலையைப் பற்றிப் பேசுவதில்லை. மாமியாருக்கு மட்டும் ஆடி மனத்தாங்கல் கொஞ்சம் இருந்தது. பேரன் முகத்தைப் பார்த்தபின், ஆடிவெள்ளியில் பிறந்தவன் என்று அவரே அதை நல்லதாக மாற்றிக்கொண்டார்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டோம். தடுப்பூசி அட்டையில் 'பேபி ஆஃப்' என்று எழுதிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ராயபுரம் சகோதரி சொன்னபடி பெயர்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நேற்று அந்த ஸ்கேன் உறையை எடுத்தால், அதில் ஆறு பெயர்கள் சிவப்புக் கிரேயானால் அடிக்கப்பட்டிருந்தன. எழிலன், மகிழன், தமிழ்ச்செல்வன், இப்படி. யார் அடித்தது என்று கேட்டதற்கு மூத்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் எங்க மிஸ்ஸுக்கு வராதும்மா" என்றாள்.