டெரபித்தியா: நாவலும் படமும் எனக்குச் செய்தது

கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' நாவலை முதலில் படித்தேன், அப்புறம்தான் 2007-ல் வந்த படத்தைப் பார்த்தேன். இரண்டுமே பிடிக்கும். ஆனால் சாவை நேரில் பார்த்துவிட்ட ஒரு பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் புத்தகத்தைத்தான் சொல்வேன். (முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அமெரிக்காவில் வர்ஜீனியா பக்கம் ஒரு கிராமம். பத்து வயது ஜெஸ், நான்கு பெண்களோடு பிறந்த ஒரே பையன். பக்கத்தில் குடிவந்த லெஸ்லி ஓட்டத்தில் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரையும் முந்திவிடுகிறாள். அப்படித் தொடங்குகிற சிநேகம். கயிற்றில் ஆடி ஓடையைத் தாண்டினால், அந்தப் பக்கக் காடு இருவரும் கற்பனையில் ஆளும் ராஜ்யம், அதுதான் டெரபித்தியா. ஒருநாள் ஜெஸ் இசை டீச்சரோடு வாஷிங்டனுக்கு ஓவியக்கூடம் பார்க்கப் போகிறான். அன்றைக்குக் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள். அந்தச் சாவை நாவலும் காட்டவில்லை, படமும் காட்டவில்லை. இரண்டையும் இதற்காகவே மதிக்கிறேன்.

வீடு திரும்பும் ஜெஸ்ஸிடம் படத்தில் அப்பா விஷயத்தைப் பக்குவமாகச் சொல்கிறார். நாவலில் அக்கா பிரெண்டா பட்டென்று போட்டு உடைத்துவிடுகிறாள், 'உன் சிநேகிதி செத்துட்டா' என்கிற மாதிரி. குடும்பம் மொத்தமும் அடுக்களையில் நின்று அவனையே பார்க்கிறது. சாவுச் செய்தி பெரும்பாலும் அப்படித்தானே வந்து சேர்கிறது?

எனக்கு உயிராகத் தோன்றுவது அடுத்த நாள் காலைதான். அம்மா பான்கேக் சுட்டு வைக்கிறாள். ஜெஸ் பாகை ஊற்றி ஊற்றிச் சாப்பிடுகிறான். தனக்கு இப்படி நடந்திருந்தால் ஒரு வாய் இறங்காது என்று பிரெண்டா குத்திக் காட்டுகிறாள். அவனுக்கோ அது ருசியாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அத்தை பையன் ஞாபகம் வந்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன், கண்மாயில் மூழ்கி இறந்தான். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் எதிர்வீட்டில் இருந்து தூக்குவாளியில் இட்லி வந்தது. எனக்கு அகோரப் பசி. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பாரு, இதுக்கு ஒண்ணும் புரியல" என்று ஒரு பெரியம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அதில் தப்பில்லை என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் ஜெஸ்.

இன்னொன்றும் உண்டு. உயிர்த்தோழியைப் பறிகொடுத்தவன் வகுப்பிலேயே தான் ஒருவன்தான், எல்லோரும் தன்னை மரியாதையாக நடத்துவார்கள் என்று ஜெஸ் மனதுக்குள் ஒரு கணம் பெருமைப்படுகிறான். குழந்தைகளுக்காக எழுதும்போது இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படத்தில் ஜெஸ் தன் மனதைச் சொல்லிக் கேட்க வழியில்லை. அதனால் அந்த இடத்தைக் குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்கிறது: லெஸ்லியையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்கிற வேதனை. நாவலிலும் அதன் விதை இருக்கிறது. ஆனால் கோபம், பசி, பெருமை, மரத்துப்போதல் எல்லாவற்றோடும் கலந்து கிடக்கிறது.

படத்தைக் குறைசொல்லிக்கொண்டே போக எனக்கு மனமில்லை. 1974-ல் பேட்டர்சனின் மகன் டேவிட்டின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தாள். மகனின் அந்தத் துக்கத்திலிருந்துதான் 1977-ல் நாவல் வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரியும் பெற்றது. அந்த டேவிட்தான் வளர்ந்து படத்தின் திரைக்கதையை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். தோழியை இழந்த பையனே எழுதிய படம் அது. என்றாலும் விளம்பரத்தில் விசித்திர ஜந்துக்களை முன்னால் நிறுத்தி, மாயாஜாலப் படம் மாதிரி விற்றார்கள். அதை நம்பிப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்த பெற்றோரை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

அப்பா வரும் காட்சியைப் படம் நன்றாகவே செய்திருக்கிறது. காட்டில் ஒரு கரிய உருவம் ஜெஸ்ஸைத் துரத்துகிறது, பார்த்தால் அப்பா. லெஸ்லி நரகத்துக்குப் போவாளா என்று பையன் கேட்டு உடைகிறான். நாவலில் உருவமெல்லாம் இல்லை. லெஸ்லி வாங்கிக்கொடுத்த வண்ணங்களை ஜெஸ் ஓடையில் எறிகிறான், பின்னாலேயே வந்த அப்பா கைக்குழந்தையைப் போல மடியில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். வாய் நிறைய ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். இரண்டிலும் அழுதேன்.

கடைசிக் காட்சியில்தான் எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜெஸ் பலகைகளால் பாலம் போட்டுத் தங்கை மே பெல்லை அந்தப் பக்கம் கூட்டிப்போகிறான். படத்தில் ராஜ்யம் முழுக்கக் கண்முன் எழும்பி நிற்கிறது. நாவலில் அப்படி எதுவும் எழும்பவில்லை. தங்கையின் தலையில் பூவைச் சூட்டி, டெரபித்தியா மக்கள் எல்லோரும் உன்னைப் பார்க்கத்தான் எட்டி எட்டி நிற்கிறார்கள் என்று அவன் வாயால் சொல்கிறான், அவ்வளவுதான். எனக்கு அது போதும். "மே பெல்லுக்கு நிஜமாவே தெரிஞ்சாதானே நல்லாருக்கும்?" என்று மகள் கேட்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் பார்த்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.